பாறையிலிருந்து தாடை மூட்டு வரை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போனாலும் சரி, பாலக்கோடு போனாலும் சரி, வழிநெடுக மண் மெலிந்து பாறை வெளியே தெரியும். வரிவரியாகக் கோடு ஓடிய நைஸ் பாறை, கருங்கல், கரும்பச்சை நிறத்துச் சார்னோக்கைட். இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையவை இவை. அந்தப் பாறையை உடைத்து வெயிலில் காட்டினால் மினுமினுக்கும் கறுப்பு மைக்காவும் அதன் உறவுக்காரக் கனிமங்களும் கண்ணில் படும். ஃபுளோரைடு பிறந்த வீடு அதுதான். மைக்காவின் அடுக்குகளிலும் அபடைட் மணிகளிலும் அது கட்டுண்டு கிடக்கிறது. கட்டுண்டு கிடக்கும்வரை யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை.

அதை அவிழ்த்து விடுவது தண்ணீர். மழை குறைந்த ஊரில் நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும். நின்ற நீர் காரத்தன்மை அடையும். சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, சுண்ணாம்புச் சத்து குறையக் குறைய, பாறை தன்னிடமுள்ள ஃபுளோரைடை நீருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து அடியில் படிய வைத்துவிடும். ஆகவே நாக்கு சொல்வதை நம்ப முடியாது. நம் ஊரில் தண்ணீரை நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று வாயில் வைத்துப் பார்த்தே பிரிக்கிறோம். ஃபுளோரைடுக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை, நிறமும் இல்லை. பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று ஒரு வீட்டார் மெச்சும் மென்னீரிலேயே அது கூடுதலாக இருக்கக்கூடும்.

பூமிக்குள் கிடந்த இந்த நீர் பெருமளவில் வீட்டுக்குள் வந்தது ஆழ்துளைக் கிணறுகளோடுதான். அதற்கு முன் இங்கே ஏரி, குட்டை, கல்கட்டுக் கிணறு. கிணற்றில் ஒவ்வொரு மழைக்கும் புது நீர் ஊறும். பாறையோடு நெடுநாள் பழகாத நீர். கிணறுகள் வற்றத் தொடங்கியதும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் ஊர் ஊராக வந்தன. முந்நூறு அடி, அறுநூறு அடி, ஆயிரம் அடி என்று போர் இறங்கியது. தாகத்துக்கு வேறு வழி இல்லாத மக்கள் போட்ட போர்கள் அவை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஆழம் கூடக்கூட, பாறையோடு நெடுங்காலம் ஊறிய நீரே மேலே வந்தது. ஃபுளோரைடுக்கு வழி திறந்தது.

ஃபுளோரைடு மிகுவதால் வரும் ஃபுளோரோசிஸ் நோயை இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலாக விவரித்ததும் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் இளவயதிலேயே பல் கறுத்து, நடுவயதில் முதுகு விறைத்துப்போன மனிதர்களைப் பற்றி 1937-இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஷார்ட் அப்போது கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநர். பல்லில் விழும் கறையின் கதை அதைவிடப் பழையது. அமெரிக்காவின் கொலராடோவில் ஃபிரடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-இலேயே பழுப்புக் கறை படிந்த பற்களைக் கவனித்தார். காரணம் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் என்று தெரிய 1931 ஆயிற்று. அந்தக் கறைப்பற்களில் சொத்தை குறைவு என்பதையும் மெக்கே பார்த்திருந்தார். பற்பசையில் இன்று ஃபுளோரைடு சேர்ப்பதன் வேர் அந்தக் கவனிப்பில் இருக்கிறது. ஒரே பொருள் சிறு அளவில் பல்லைக் காக்கிறது, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது.

அந்த அளவு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளிர்நாட்டில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் சித்திரை வெயிலில் காரிமங்கலத்துத் தக்காளித் தோட்டத்தில் குனிந்து நிற்பவருக்கும் லிட்டர் கணக்கு ஒன்றல்ல. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள நீரை நாளுக்கு நான்கு லிட்டர் குடிக்கும் கூலித் தொழிலாளியின் உடலுக்குள் 12 மில்லிகிராம் போகிறது. சோறு, குழம்பு, டீ வழியாகப் போவது தனி. டீத்தூளிலேயே ஃபுளோரைடு உண்டு.

வாய்க்குள் போனதும் அது தயங்குவதில்லை. வயிற்றிலேயே உறிஞ்சப்படத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். பெரியவர்களின் சிறுநீரகம் அதில் பாதிக்குச் சற்று மேல் வெளியேற்றிவிடும். வளரும் குழந்தையின் உடலோ வெளியேற்றுவதைவிட அதிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், எலும்பு வளர்ந்துகொண்டிருப்பதால். சிறுநீரகம் பழுதானவர்களிடமும் இப்படித்தான் தங்கும். உடலில் தங்கும் ஃபுளோரைடில் ஏறத்தாழ 99 விழுக்காடு பல்லிலும் எலும்பிலும்தான் இருக்கிறது. சுண்ணாம்பு எங்கே இருக்கிறதோ அங்கே அதற்கு வீடு.

முதல் தடயம் விழுவது தாடையில். பால்பற்களுக்குக் கீழே, ஈறுக்குள், நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் இரத்தத்தில் ஃபுளோரைடு மிகுந்தால் பல்லின் மேற்பூச்சு சரியாக இறுகாது. எட்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடும் வேலை இது. முன்பற்களுக்கு மிக ஆபத்தான காலம் இரண்டு வயதையொட்டிய மாதங்கள். பல் முளைக்கும்போது முதலில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். பிறகு அவற்றில் மஞ்சளும் பழுப்பும் ஏறும். முற்றினால் குழி விழுந்து விளிம்பு உதிரும். எவ்வளவு துலக்கினாலும் போகாது. கறை பல்லுக்கு மேலே இல்லை, பல்லாகவே வளர்ந்திருக்கிறது. பல் துலக்காத பிள்ளை என்று வகுப்பில் பேச்சு வாங்கிய பிள்ளைகளும், பெண் பார்க்க வந்தவர்கள் முன் வாய் திறந்து சிரிக்காத பெண்களும் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! அவர்கள் செய்த தவறு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் வீட்டுக் குடத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தார்கள்.

பல்லைக் கடந்து அது எலும்புக்குள் போகும் பகுதி மெதுவானது, கண்ணுக்குத் தெரியாதது. பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். எலும்பு அடர்ந்து கனக்கும், ஆனால் உறுதி கூடாது. மூட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு ஏறும். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள சவ்வு எலும்பாகிப்போவதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் முக்கியமான படம் அது. காலையில் கழுத்து திரும்பாது. தரையில் சம்மணமிட முடியாது. குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியாது. களப்பணியாளர்கள் மூன்று சோதனைகள் வைத்திருக்கிறார்கள்: முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடவேண்டும்; முகவாய் நெஞ்சைத் தொடவேண்டும்; கைகளை மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதவருக்கு இரத்தமும் சிறுநீரும் எக்ஸ்ரேயும் பார்த்துச் சொல்வார்கள். 2008-09-இல் மத்திய அரசு தொடங்கிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் தருமபுரியும் இடம்பெற்றது.

இனி தாடை மூட்டு. உடம்பில் ஓய்வே இல்லாத மூட்டுகளில் ஒன்று அது. காதுக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலடியில் ஒன்று உருண்டு முன்னே நழுவும். கீழ்த்தாடையின் குமிழ் முதலில் அந்த இடத்திலேயே சுழன்று, பிறகு முன்னோக்கி வழுக்குகிறது. நடுவில் மெல்லிய குருத்துத் தட்டு ஒன்று மெத்தைபோல் இருக்கிறது. பேசும்போதும், மெல்லும்போதும், எச்சில் விழுங்கும்போதும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே அசையவேண்டும். எலும்பு, குருத்து, தசைநார், தசை என்று நான்கும் சேர்ந்து செய்யும் வேலை. ஃபுளோரைடு குடியேறும் இடங்கள் இந்த நான்கில் இல்லாமல் இல்லை.

ராஜஸ்தானின் டுங்கர்பூர் மாவட்டம் தருமபுரியைப் போலவே ஃபுளோரைடு மிகுந்த பகுதி. அங்குள்ள மக்களின் தாடை மூட்டைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பற்கறையும் எலும்புக் குறிகளும் உள்ளவர்களுக்கும் தாடை மூட்டுத் தொல்லைகளுக்கும் தொடர்பு இருப்பதாக அது சொன்னது. நம் மாவட்ட மருத்துவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. ஆனால் ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு, தாடை வலியோடு வருகிற எல்லாரிடமும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. அது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். தாடை மூட்டு வலியில் பெரும்பாலானவை தசையிலிருந்தே வருகின்றன: இரவில் பல்லைக் கடிப்பது, கவலையில் பகலெல்லாம் பல்லை இறுக்கிக்கொண்டிருப்பது, ஒரு பக்கப் பல் போனபின் ஒரே பக்கத்தில் மெல்லுவது, பாக்கையும் சூயிங்கத்தையும் ஓயாமல் அரைப்பது. நடுத்தட்டு இடம் விலகினால் திறக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வரும். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லையென்றால் வைத்தியம் வேண்டாம்.

வலி எப்போதும் தாடையிலேயே தெரியும் என்றும் இல்லை. காதுவலி என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டும், பல்வலி என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டும், தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டும் பலர் நாளைக் கழிக்கிறார்கள். காதில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலி தொடர்ந்தால் தாடை மூட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெரும்பாலோருக்குத் தாடை மூட்டு வலி கத்தி இல்லாமலே குறையும். முதல் மருந்து தாடைக்கு ஓய்வு. தருமபுரிக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. வீட்டிலேயே கேழ்வரகுக் களி இருக்கிறது. களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்கவேண்டும் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். வலி இருக்கும் வாரங்களில் களி, கூழ், குழைந்த சோறு போதும். பொரிகடலை, கரும்பு, கறி வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கடியில் கையை முட்டுக் கொடுக்கலாம். கன்னத்தில் கை ஊன்றி உட்காரும் பழக்கத்தை விடவேண்டும். வாய் மூடியிருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரக் கூடாது. பகலில் அடிக்கடி இதை நினைத்துப் பார்ப்பதே பாதி வைத்தியம் என்பேன். இரவில் பல் கடிப்பவர்களுக்குப் பல் மருத்துவர் அளவெடுத்து அக்ரிலிக் தகடு செய்து கொடுப்பார். அது பல்லின் தேய்மானத்தைக் காக்கும், சிலருக்கு வலியையும் குறைக்கும். பல்லை ராவி உயரம் குறைப்பது, மூட்டைத் திறந்து அறுவை செய்வது ஆகியவற்றுக்கு முதல் சந்திப்பிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வேறொரு மருத்துவரையும் கேளுங்கள்.

வலி மாத்திரை பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. ஃபுளோரைடு உடலை விட்டு வெளியேற இருக்கும் முக்கியமான வாசலே சிறுநீரகம்தான். வலியை அடக்கப்போய் அந்த வாசலை அடைத்துவிடுகிறோம். சில நாள், மருத்துவர் சொன்ன அளவு, அவ்வளவே.

காத்திருக்கக் கூடாத தாடை வலிகளும் உண்டு. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவேண்டும். பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவருக்கு வாய் திறப்பு மாதத்துக்கு மாதம் குறைந்து, காரம் பட்டால் எரிந்தால், அது மூட்டு நோய் இல்லை. வாயின் உட்சதை நாராகிப்போகும் நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்தால் பல்லில் சீழ் இருக்கலாம். மலையேறும்போதோ வேலை செய்யும்போதோ தாடை வலித்து, வியர்த்து, நெஞ்சு அடைத்தால் அது இதயம். உடனே 108-ஐக் கூப்பிடவேண்டும். தருமபுரியில் 2008-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்க்காரர்கள் சேலம்வரை போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

இனி தண்ணீருக்குத் திரும்புவோம். பாறையிலிருந்து வந்த ஃபுளோரைடு நீருக்கு மாற்றாக வேறொரு நீர் மேடேறி வந்திருக்கிறது. காவிரியில் ஃபுளோரைடு மிகக் குறைவு. மாவட்டத்தின் மேற்கெல்லையிலேயே ஒகேனக்கல்லில் விழுந்து ஓடுகிறது. அதைக் கொண்டுவர ஒரு தலைமுறைக்காலம் கேட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் குறைப்புத் திட்டம் என்பது அதன் முழுப் பெயர். நோயின் பெயரையே தாங்கிய குடிநீர்த் திட்டம். 1,928.80 கோடி ரூபாய். பெரும்பகுதி ஜப்பானின் கடன். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது; ஏப்ரலில் முதல்வர் கருணாநிதி அங்கே தேர்தல் முடியும்வரை பொறுப்போம் என்றார். பிறகு வேலை நடந்து, 2013-இல் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். யானைப்பள்ளத்தில் சுத்திகரித்த நீர் மேட்டின்மேல் மடம் என்ற ஊர் வரை ஏற்றப்பட்டு, அங்கிருந்து தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூருக்கும் போகிறது.

பெரிய காரியம்தான். ஆனால் குழாய் வந்துவிட்டதாலேயே பாறையின் நீர் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு வரும் ஊர் உண்டு; வாரத்துக்கு ஒருமுறை வரும் ஊரும் உண்டு. வராத நாளில் போர் தண்ணீர்தான். பல இடங்களில் மேல்நிலைத் தொட்டியிலேயே இரண்டையும் கலந்து விடுகிறார்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் 0.3 உள்ள காவிரி நீரைச் சரிபாதி கலந்தால் 2.15 ஆகும், எல்லையைத் தாண்டிய நீர்தான் அது, காவிரியின் பெயரில் வருகிறது. இரண்டாம் கட்டத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை தொட்டியில் கலப்பதையாவது நிறுத்தி, குடிக்கவும் சமைக்கவும் ஆகும் நீரைத் தனிக்குழாயில் கொடுப்பது ஊராட்சிகளால் முடியக்கூடியதே.

சமைக்க என்பதை அழுத்திச் சொல்கிறேன். காவிரித் தண்ணீரைக் குடிக்க எடுத்து வைத்துவிட்டு, போர் தண்ணீரில் உலை வைக்கும் வீடுகள் ஏராளம். களி கிண்டும்போது ஊற்றிய நீர் முழுவதும் களிக்குள்ளேயே போகிறது, வடிப்பதற்கு ஒன்றும் இல்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது; குடலில் ஃபுளோரைடில் ஒரு பங்கைப் பிடித்து நிறுத்தும் நல்ல தானியம். அதைக் கெட்ட நீரில் கிண்டுவானேன்? கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி அது இன்னும் கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் 1970-களில் உருவாக்கியது. அளவு தெரிந்தவர் செய்தால் பயன் தரும். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடை நீக்கும். கழித்துவிடும் நீரில் அது செறிந்திருக்கும் என்பதால் அந்த நீரை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைக்க வேண்டாம். தருமபுரிப் புளியைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சிறுவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியதாக 2002-இல் எழுதினார்கள். துணைதான் அது, நீரை மாற்றுவதற்கு ஈடு இல்லை.

எலும்பில் ஏறிய ஃபுளோரைடு நல்ல நீருக்கு மாறியபின் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறங்கும். எலும்பாகிப்போன தசைநார் பழையபடி ஆகாது. ஆகவே இதை நிறுத்த வேண்டிய இடம் மூட்டு இல்லை, குடம். உங்கள் வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால், தெருவிலுள்ள போர் தண்ணீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் தருமபுரி ஆய்வகத்தில் கொடுத்து, ஃபுளோரைடு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். 1.5-க்கு மேல் இருந்தால் அந்தத் தாளை அடுத்த கிராமசபையில் வாசியுங்கள். அந்த நீரை அன்றிலிருந்து பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள்.